யானை வாங்கப் போனோம்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவர் பழமொழி. பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளைப் பற்றியும் தரகர்கள் இவ்விதமே கூறுவர். ஓடினாலும் அதற்கு விலையுண்டு, ஓடாவிட்டாலும் விலையுண்டு என்பார்கள். ஆனால் வாங்கிய பின் அந்த யானைக்குத் தீனி போடுபவன் யார் என்பதை மட்டும் அவர்கள் சொல்லுவதில்லை. சென்ற ஆண்டு கிர்க்கியில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் துணையாக அத்தகைய வண்டியொன்றைப் பார்க்கச் சென்றேன். அதில் நான் அறிந்துகொண்டவை சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

பெரியவர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் சென்னையில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் கார் ஓட்டியாக இருந்தார். அந்தக் கார் டாட்ஜ் கிங்ஸ்வே. முதலாளி இல்லாத வேளையில் அதன் பின்னாசனத்தில் ஏறி உட்கார்ந்ததற்காகச் சிறு வயதில் தந்தையிடம் அடி வாங்கியதை அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அதே வகையில் 1953ஆம் ஆண்டு வண்டியொன்று புனேக்கு வெளியே ஒரு கொட்டகையில் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு உறக்கம் போயிற்று. கேட்ட விலை நான்கு லட்சம். கிராஜுவிடிப் பணம் வங்கியில் இருந்தது. "தம்பி, உனக்குக் காகிதம் பார்க்கத் தெரியும், கூட வா" என்றார். மாமி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனந்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டாட்ஜ் என்றவுடன் கப்பலில் வந்திறங்கிய வண்டி என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனத்தின் அனுமதியோடு, 1947 முதல் பம்பாய்க் குர்லாவில் இவ்வண்டிகளைப் பூட்டி வெளியிட்டது. நம் புனே மாவட்டத்து வால்சந்த்நகர் சர்க்கரை ஆலையை நிறுவியவரும் அவரே. டாட்ஜ் கிங்ஸ்வே, பிளைமவுத், டிசோட்டோ எனப் பெயர்கள் வேறாயினும், முகப்பை நீக்கிப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. அவற்றில் இருந்தது ஆறு சிலிண்டர் பெட்ரோல் யந்திரம். வேகத்தில் சிறந்ததன்று, ஆனால் உழைப்பில் சளைக்காதது.

இன்று அமெரிக்காவில் பெருவிலை பெறுபவை இவையல்ல. 'மஸில் கார்' எனப்படும் வண்டிகளுக்கே அங்கே மதிப்பு அதிகம். நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எட்டு சிலிண்டர் யந்திரத்தைப் பொருத்துவது அவற்றின் இலக்கணம். 1964ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜி.டி.ஓ. இவற்றுக்கு முன்னோடி என்பர். அதன் யந்திரம் 6.4 லிட்டர் கொள்ளளவும் 325 குதிரைத் திறனும் கொண்டது. முதலில் அது தனி வண்டியாக விற்கப்படவில்லை. லெமான்ஸ் என்ற காரை வாங்குவோர் மேற்பணம் கட்டிப் பெறும் தொகுப்பாகவே இருந்தது. ஆகவே பின்னாளில் சாதாரண லெமான்ஸ் காருக்கு ஜி.டி.ஓ. எழுத்துக்களை ஒட்டி ஏமாற்றுவது எளிதாயிற்று. முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் வண்டி எண்ணைக் கொண்டும் வேறுபாடு அறிய இயலாது. தொழிற்சாலையின் பழைய காகிதமே சாட்சி. எண்ணும் காகிதமும் ஒத்திருக்கும் வண்டிக்கு ஒரு விலை, ஒவ்வாத வண்டிக்கு வேறொரு விலை என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியதற்கு இத்தகைய ஏமாற்றமும் ஒரு காரணம்.

நம் நாட்டில் அந்த ஏமாற்றம் வேறு வடிவில் வருகிறது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபின், இந்தப் பெரிய வண்டிகளை வைத்திருந்தோர் பலர் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் யந்திரத்தை ஏற்றினர். சென்னை செம்பியத்தில் சிம்ப்ஸன் நிறுவனத்தார் செய்த பெர்கின்ஸ் யந்திரமும் அவ்வாறு பல கார்களுக்குள் புகுந்தது. ஆகவே வண்டி ஓடுகிறதா என்று கேட்பதற்கு முன், எதனால் ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

நாங்கள் போன கொட்டகையிலும் அதே கதைதான். வண்டிக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். பெரியவர் கதவைத் தொட்டுப் பார்த்து மெய்ம்மறந்து நின்றார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல நான் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் பார்சலின் மேலுள்ள குறியும் ரயில் ரசீதும் ஒத்திருந்தாலன்றிச் சரக்கை விடுவதில்லை. அந்தப் பழக்கமே இங்கும் உதவிற்று. சேஸிஸ் எண் ஒத்திருந்தது. யந்திர எண் ஒக்கவில்லை. வண்டிக்குள் இருந்தது டீசல். அந்த மாற்றம் புத்தகத்தில் பதியப்படவே இல்லை. புத்தகத்திலிருந்த உரிமையாளரோ காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது சிறு குறையன்று. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமை வாய்ந்த வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கு அதன்படி தனிப்பதிவு பெறலாம். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், உடல், யந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் வண்டி தன் ஆதி வடிவில் இருக்க வேண்டும். அப்பதிவு பெற்றபின் அன்றாடப் பிரயாணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எண்ணெய் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே சாலையில் இறக்கலாம். டீசல் ஏற்றிய வண்டிக்கு இந்த வாசல் அடைபட்டதே.

நான் விற்பவரிடம், "பழைய யந்திரம் எங்கே?" என்று கேட்டேன். எண் புத்தகத்தில் இருக்கையில் பொருள் எங்கேனும் இருக்க வேண்டுமே என்ற நினைப்புத்தான். அவர் சற்றுத் தயங்கி, கொட்டகையின் பின்புறம் அழைத்துச் சென்றார். தார்ப்பாயின் கீழே, இரண்டு டயர்களின் மேல் ஒரு துருப்பிடித்த இரும்புக் குவியல் கிடந்தது. இவ்வகை யந்திரத்தில் எண்ணை இடப்புறம் முன்பக்கம், டைனமோவுக்கு மேலே உள்ள சிறு மேடையில் பொறித்திருப்பார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். ஒவ்வோர் எழுத்தாக எண் வெளிப்பட்டது. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளியும் தவறவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆயினும் நாங்கள் அன்று முன்பணம் கொடுக்கவில்லை. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தோம். சில இடங்களில் அது ஒட்டாமல் விழுந்தது. அங்கெல்லாம் தகடு அரித்துப்போய்ப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடற்காற்றில் நின்ற வண்டிகளுக்கு இந்நோய் அதிகம். தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். யந்திரத்தைச் செப்பனிடுவதைவிடத் துருப்பிடித்த உடலுக்கு டிங்கரிங் செய்வதே செலவு மிக்கது என்று நானா பேட்டையில் உதிரிப்பாகம் விற்கும் முதியவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

வாரிசுதாரர் மூவர், ஒருவர் வெளிநாட்டில். முதலில் உரிமை அவர்கள் பெயருக்கு மாறவேண்டும். அதற்குரியது 31ஆம் எண் படிவம். அதன்பின் விற்பனைக்குரிய 29, 30 எண் படிவங்கள். இவை முடிய ஆறு மாதமாயிற்று. பழைய யந்திரத்தை எடுத்துக்கொள்ள மனமில்லாதவர் போலப் பெரியவரும் சற்று ஒதுங்கியிருந்தார். முடிவில் விலை இரண்டே கால் லட்சத்துக்கு இறங்கியது. மிச்சப்பட்ட பணத்தை அவர் செப்பனிடுவதற்கென்றே வேறு கணக்கில் போட்டார். "இந்தக் கணக்குத் தீர்ந்தால் வேலை நிற்கும், இன்னொரு கணக்கைத் தொடமாட்டேன்" என்று மாமியிடம் என் முன்னிலையிலேயே சொன்னார். மாமி அப்போதுதான் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார்.

செப்பனிடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பிரேக், பிறகு மின்கம்பிகள், பிறகு யந்திரம், அதன்பின் தகட்டு வேலை, எல்லாவற்றுக்கும் கடைசியில் சாயம். சாயத்தில் தொடங்குகிறவர் இருமுறை செலவழிப்பார். இறுகிப்போன யந்திரத்தைப் பலவந்தமாகச் சுழற்றலாகாது. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். இப்போது நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களை நீக்கி அதைத் தாங்கக்கூடியவற்றைப் போட வேண்டும். மின்கலமும் இன்றைய 12 வோல்ட் அன்று, 6 வோல்ட்.

ஒரு நாள் இளம் மெக்கானிக் ஒருவர் இடப்புறச் சக்கரத்தைக் கழற்ற முயன்று, முழு பலத்தையும் காட்டி ஒரு போல்ட்டை முறித்துவிட்டார். கிறைஸ்லர் குழுமத்து வண்டிகளில் அக்காலத்தில் இடப்புறச் சக்கரங்களின் மரை எதிர்த்திசையில் சுழலும். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பா சொல்லுவார், மறந்தேபோனேன்" என்று தம்மையே நொந்துகொண்டார். புனே ஜூனா பஜாரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து அதற்கு ஈடாக ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

வண்டி இன்னும் ஓடவில்லை. பிரேக் முடிந்தது, யந்திரம் இப்போதுதான் இளகிச் சுழலத் தொடங்கியிருக்கிறது. தனிக்கணக்கில் பாதிப் பணம் மீதமுள்ளது. இதனால் இலாபம் வருமா என்று கேட்கும் அன்பர்களுக்கு, இலாபத்தை எண்ணி இதில் இறங்காதிருப்பதே நலம் என்பேன். காகிதம் சரியாக இருந்தால் போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது நிற்கும். காகிதம் சரியில்லாவிட்டால் எவ்வளவு மெருகிட்டாலும் அது பழைய இரும்பே.

போன பொங்கலன்று முற்றத்தில் நின்ற வண்டிக்கும் மாமி குங்குமம் இட்டார். பிறகு பின்கதவைத் திறந்து தாமே உள்ளே ஏறி உட்கார்ந்தார். பெரியவர் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்கே போகணும் அம்மா?" என்று கேட்டார். அவருடைய தந்தையாரும் அந்நாளில் முதலாளி வீட்டு அம்மாளிடம் அப்படித்தான் கேட்டிருப்பார்.