எம்.சி. இருந்தும் சம்பளம் போவதா?

“காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்துக் கெடந்தேன். சம்பளத்தன்னிக்குப் பாத்தா செக்ரோல்ல ஆப்சென்ட்!” இந்தப் புலம்பல் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் புதிதல்ல. கிராணியைத் திட்டி என்ன பயன்? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. இது துரையின் தயவு அல்ல. வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு வருஷத்துக்கு 14 நாள். 2 ஆண்டு ஆகி 5 ஆண்டு நிறையாதவருக்கு 18. அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். முன்பு சாதாரண எம்.சி.யும் இந்த அறுபதுக்குள் அடங்கியது. 2023 ஜனவரி 1 முதல் அது வேறு, இது வேறு.

பால்வெட்டுக்காரருக்கும் குலை வெட்டுபவருக்கும் நாள் சம்பளம் எப்படிக் கணக்கு? போன சம்பளக் காலத்தில் வாங்கிய கூலியை, உழைத்த நாட்களால் வகுத்தால் வருவதே ஒரு நாள் எம்.சி. சம்பளம்.

தோட்டம் நியமித்த டாக்டரிடம்தான் முதலில் போகவேண்டும். அவர் கிடைக்காவிட்டால், ரொம்பத் தூரமென்றால், வேறு பதிவுபெற்ற டாக்டரிடமோ அரசாங்க மருத்துவ அதிகாரியிடமோ போகலாம். நம்மவர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் கையில் எம்.சி. இருந்தும் சொல்லாமல் நின்றவர் கணக்குத்தான். பெரட்டில் மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பினால், “எங்கிட்ட யாரு சொன்னா?” என்று பேச்சு மாறிவிடும். எம்.சி.யைப் படமெடுத்து ஆபீஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாததா! அசல் எம்.சி.யைக் கொடுக்குமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பதிவேடு. ஒவ்வொரு தொழிலாளியின் விவரத்தையும் முதலாளி பதிந்து வைக்கவேண்டும். பதிந்ததை 6 ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கவேண்டும் என்பது 61-ஆம் பிரிவு. தொழிலாளர் இலாகா அதிகாரி கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த தேதியைத் தப்பாக எழுதினால் 22 நாள் 14 ஆகிவிடும், பாருங்கள்! அதனால் பழைய சம்பளச் சீட்டுகளை அடுப்பு பற்றவைக்கப் போட்டுவிடாதீர்கள்.

வேலையில் அடிபட்டு சொக்சோ பணம் வாங்கும் நாட்களுக்கு இந்த விடுப்புச் சம்பளம் கிடையாது.

கேட்டும் கொடுக்கவில்லையா? சிரம்பான் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வக்கீல் வேண்டியதில்லை. போகும்போது எம்.சி. நகல், சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.