ஹேமக் மேல எந்த டார்ப்? வடிவத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஹேமக் கேம்பிங்னு சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஹேமக் வாங்கலாம்?" ஆனா ராத்திரி 2 மணிக்கு மழை பிடிச்சா உங்களைக் காப்பாத்தப் போறது ஹேமக் இல்ல, அதுக்கு மேல கட்டியிருக்கிற டார்ப். கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்துல, நனைஞ்ச உடம்போட குளிர்காத்துல விடிய விடியக் கிடந்தா தூக்கம் மட்டும் கெடாது. உடம்புச் சூடு இறங்கி, ஹைப்போதெர்மியா வரைக்கும் போகலாம். அதனால இன்னைக்கு டார்ப்பின் வடிவத்தை மட்டும் பார்ப்போம்.

வடிவத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. 11 அடி ஹேமக்கைச் சரியான தொய்வோடு கட்டினால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் சுமார் 9 அடிதான் வரும். டார்ப்பின் நடு முதுகுக்கு ரிட்ஜ்லைன்னு பேரு. அது ஹேமக்கோட ரெண்டு முனையையும் குறைஞ்சது அரை அடி தாண்டி நிற்க வேண்டும். ஆக, 10 அடிக்குக் கீழே வேண்டாம். 11 இருந்தால் நிம்மதி.

இப்போ வடிவங்கள். முதலாவது டைமண்ட். ஒரு சதுர டார்ப்பை மூலைக்கு மூலை கட்டுவதுதான் இது. 8-க்கு 8 அடி சதுரத்தில் மூலைவிட்டம் 11 அடியைத் தாண்டிவிடும். நாலே நாலு கட்டு, எடை கம்மி, சுத்தி நல்லா வியூ கிடைக்கும். சிக்கல் எங்கேன்னா, ஹேமக்ல நாம நேரா படுக்கிறதில்ல, கொஞ்சம் குறுக்காகத்தான் படுப்போம். தலையும் காலும் நடுக்கோட்டை விட்டு ஆளுக்கொரு பக்கம் தள்ளி இருக்கும். டைமண்ட் ஒடுங்குவதும் சரியா அதே இடத்தில்தான். காத்து திசை மாறினால் சாரல் நேரா முகத்துக்கு வரும்.

இரண்டாவது ஹெக்ஸ், அதாவது அறுகோணம். ரிட்ஜ்லைனுக்கு ரெண்டு, பக்கங்களுக்கு நாலு என மொத்தம் ஆறு கட்டு. தலைப்பக்கமும் கால்பக்கமும் டைமண்டை விட நல்லா மூடும். பல ஹெக்ஸ் டார்ப்களில் ஓரங்களை உள்பக்கம் வளைவா வெட்டியிருப்பாங்க. இழுத்துக் கட்டும்போது ஓரம் தொங்காது, காத்துல படபடன்னு அடிப்பதும் குறையும். முதல் டார்ப் வாங்குறவங்களுக்கு என் சாய்ஸ் இதுதான்.

மூன்றாவது செவ்வகம். எடையும் கட்டும் அதிகம், காத்தையும் நல்லாப் பிடிக்கும். ஆனா ரெண்டு முனையிலும் மீதமுள்ள துணியை உள்ளே மடித்தால் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். ஒரு பக்கத்தை ரெண்டு குச்சி வச்சுத் தூக்கினால் திண்ணை ரெடி, மழையிலும் பை நனையாம உட்காரலாம். ஜூன், ஜூலை வால்பாறைக்கோ, வடகிழக்குப் பருவமழையில் மலைப்பக்கமோ போறீங்கன்னா இதையே பாருங்க. பிப்ரவரி மாதிரி காய்ஞ்ச மாசத்துக்கு மட்டும்னா டைமண்ட் போதும்.

எந்த வடிவமா இருந்தாலும், காத்து வரும் திசைக்கு டார்ப்பின் அகலப் பக்கத்தைக் காட்டுங்க, முனையைக் காட்டாதீங்க. அந்தப் பக்கத்தைத் தாழ்வா இறக்கிக் கட்டுங்க. சில்நைலான் துணி நனைந்தால் கொஞ்சம் தளரும், அதனால தூங்கும் முன் ஒரு தடவை இழுத்துக் கட்டிடுங்க. மரத்திலிருந்து ஹேமக்குக்கு வரும் பட்டையில் டார்ப்புக்குள்ளே ஒரு சின்னக் கயிற்றைக் கட்டித் தொங்க விடுங்க. பட்டை வழியா வழிஞ்சு வரும் தண்ணி அங்கேயே சொட்டிடும், படுக்கைக்கு வராது.

செலவு பண்ணத் தயக்கமா? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாயை மொட்டை மாடியில் மூணு விதமாகவும் கட்டிப் பாருங்க. கனமும் சத்தமும் ஜாஸ்திதான், ஆனா எந்தப் பக்கம் நனையுதுன்னு ஒரே மழையில் தெரிஞ்சிடும்.

கடைசியா ரெண்டு விஷயம். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள்ளே போகாதீங்க. அப்புறம், இடி மின்னல் ஆரம்பிச்சா எந்த டார்ப்பும் காப்பாத்தாது. மரத்தடியை விட்டு வண்டிக்கோ கட்டடத்துக்கோ போயிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!