அழைத்தால் வரும் விமானம்

பேருந்து தன் நேரத்திற்கு வரும். வாடகைக் கார் நம் நேரத்திற்கு வரும். விமானமும் அவ்வாறு வரலாகாதா என்று எண்ணினார், எட் யாகோபுச்சி என்னும் அமெரிக்கர். 2007 அக்டோபரில் ஃபுளோரிடா மாநிலத்தில் அவருடைய ‘டேஜெட்’ நிறுவனம் பறக்கத் தொடங்கியது. அதன் சிறு ஜெட் விமானத்தில் பயணிகளுக்கு மூன்றே இருக்கைகள். கால அட்டவணை கிடையாது. ‘8 மணி முதல் 11 மணிக்குள் எப்போதாயினும் செல்வேன்’ என்பவருக்குக் கட்டணம் குறைவு. ஏன்? அவ்வழிச் செல்லும் வேறொருவரையும் கணிப்பொறி அவருடன் சேர்த்துவிடும். செலவு இருவருக்கும் பங்காகும்.

ஆயினும், விமானங்களும் பயணிகளும் பெருகினாலன்றி இக்கணக்குப் பலியாது. இன்றேல் விமானம் வெறுமையாகப் பறந்து சென்றே அடுத்தவரை ஏற்ற நேரும். பெருக்குவதற்கான முதல் 2008-இன் நிதி நெருக்கடியில் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சேவை நின்றது. சிறியதாய்த் தொடங்கி வளரும் தொழில்கள் பல. பெரியதாய் இருந்தால்தான் வாழும் தொழில்கள் சில. இவ்வேற்றுமையை முதலில் அறிக என்பதே நான் உங்களுக்குக் கூறுவது.