பயிற்சி தயார், பணியிடம் காலி!

புது தில்லி: 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுடன் கைகோத்தன. எந்த மாசு எங்கிருந்து வருகிறது என்று பகுத்தறியும் ஆய்வு இக்கூட்டு முயற்சியின் முக்கியப் பணி.

குறுகிய காலப் பயிற்சி பெறும் அரசு விஞ்ஞானி, வாரியத்துக்குத் திரும்பி அம்முறையைத் தொடர்ந்து கையாண்டால்தான் பலன். ஆனால், பயிற்சிக்கு அனுப்பவே ஆள் பற்றாக்குறை. தில்லி, ஹரியாணா, பஞ்சாப், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் உள்ள காலியிடங்களை 2025 ஏப்ரல் 30-க்குள் நிரப்புமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு முடிந்த பிறகும் தில்லியில் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகவே இருந்ததை 2025 மே மாதத்தில் நீதிமன்றம் கண்டித்தது குறிப்பிடத்தக்கது.

ஆய்வறிக்கையை ஐ.ஐ.டி. எழுதித் தரலாம், ஆலை வாசலில் நின்று அதை நிறைவேற்ற வேண்டியவர் வாரிய அதிகாரிதானே!