48 மணி நேர வேலை வாரம்: தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய பொருளியல் அறிஞர் அம்பேத்கர்

மும்பை: அரசியல் சாசனச் சிற்பியாக அறியப்படும் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர், அடிப்படையில் பொருளியல் அறிஞர் ஆவார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-ல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆராய்ந்தது. 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார்.

ரூபாய் குறித்த அவரது ஆய்வு நூல் 1923-ல் வெளியானது. நாணயத்தின் மதிப்பு சரியும்போது விலைவாசி உயரும் வேகத்திற்குக் கூலி உயர்வதில்லை. எனவே ஏற்றுமதியாளரின் லாபம் உழைப்பாளரின் இழப்பிலிருந்தே வருகிறது என்பது அதன் முக்கிய வாதங்களுள் ஒன்று.

நெசவுப் பிரிவில் தடை

பம்பாய் பஞ்சாலைகளில் கூடுதல் கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. தார் மாற்றும்போது நாடாவின் துளை வழியே நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், தீட்டு எனக் கூறி பிற தொழிலாளர்களே அவர்களை எதிர்த்தனர். 1928-ம் ஆண்டு பொது வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்குமாறு அம்பேத்கர் வலியுறுத்தினார். சாதி நீடிக்கும் வரை தொழிலாளர் ஒற்றுமை முழுமை பெறாது என்பதே அவரது நிலைப்பாடு.

1936-ல் சுதந்திர தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அவர், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவைப் பம்பாய் சட்டப்பேரவையில் எதிர்த்தார். 1938 நவம்பர் 7-ம் தேதி, கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத் தலைவர்களுடன் இணைந்து ஒரு நாள் வேலைநிறுத்தத்தையும் நடத்தினார்.

சட்டமும் அதன் எல்லையும்

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தார். அவர் கொண்டுவந்த 1946-ம் ஆண்டு தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாராந்திர வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது.

எனினும், இப்பாதுகாப்பு பட்டறையின் அளவைப் பொறுத்தது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையைப் பயன்படுத்தும் இடமெனில் 10 பேரும், பயன்படுத்தாத இடமெனில் 20 பேரும் பணிபுரிந்தால் மட்டுமே பொருந்தும் என்றது. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இவ்வரம்பை முறையே 20, 40 என உயர்த்தியது.

தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவியின் தோல், தையல் பட்டறைகளில் பல, சில தொழிலாளர்களை மட்டுமே கொண்டவை. மாட்டுங்காவை அடுத்த தாதரில் அம்பேத்கர் வாழ்ந்த ராஜகிருக இல்லத்திலிருந்து அவை அதிகத் தொலைவில் இல்லை. ஆனால், தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் அவற்றில் பல இன்றளவும் வருவதில்லை.