துறைமுகத்துக்கு வடக்கே பள்ளிக் கோப்பைகள்

மாநில அளவில் கபடியிலோ கால்பந்திலோ முதலிடம் பெற்ற பள்ளி இன்னதென்று ஆண்டுதோறும் பத்திரிகைகளில் ஒரு சிறு பத்தி வெளியாகிறது. அந்தப் பத்தி அச்சேறுவதற்கு முன்னால் எத்தனை பள்ளிகள், எந்தெந்த மைதானங்களில், எத்தனை படிகளில் ஆடித் தோற்றுப் பஸ் ஏறி வீடு திரும்பின என்பதை எவரும் எழுதுவதில்லை. வடசென்னையின் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருந்துகொண்டு இந்த விஷயத்தைப் பார்க்கிறவனுக்குக் கோப்பைகளின் சரித்திரத்தைவிட அந்தப் படிகளின் சரித்திரமே முக்கியமாகப் படுகிறது, அதிலும் முதற்படி.

இன்றைய ஏணியின் அமைப்பை முதலில் சொல்லிவிடலாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்த குறுவட்டம் அதன் அடிப்படி, பி.டி. வாத்தியார்கள் இன்றும் அதை ‘ஜோனல்’ என்றே சொல்வார்கள். அங்கே ஜயித்தவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்கும், அதில் ஜயித்தவர்கள் மாநிலப் போட்டிக்கும் செல்கிறார்கள். பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற இரண்டு பெயர்களின் கீழ், 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகளில், பள்ளிக் கல்வித்துறையே இவற்றை நடத்தி வருகிறது. மாநில அணிக்குத் தேர்வாகித் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடிய பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மத்திய அரசு உத்தியோகங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கென வகுக்கப்பட்ட படிவங்களில் அது நான்காவது. முதலாவது தேசத்துக்காக ஆடியவருக்கும், இரண்டாவது மாநிலத்துக்காக ஆடியவருக்கும், மூன்றாவது பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கும் உரியவை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை தேடும் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில், கோப்பையைவிட அந்தக் காகிதத்துக்கே மதிப்பு அதிகம் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்த ஏணி ஒரே நாளில் நட்டதன்று. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, ‘டிரில்’ என்றால் வரிசையில் நின்று கையைத் தூக்குவது என்றிருந்த பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பலானார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு போனவரும் அவரே. சுதந்திரத்துக்குப் பின், 1954-இல், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்பட்டது. விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் யோசனையில் பிறந்த பள்ளிகளுக்கிடையிலான கால்பந்துக் கோப்பை 1960 முதல் டில்லியில் நடந்து வருகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் பிறந்தது. 2018-இல் ‘கேலோ இந்தியா’ பள்ளி விளையாட்டாகத் தொடங்கி, மறு ஆண்டே இளையோர் விளையாட்டெனப் பெயர் மாறி, 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்தபோது, தமிழ்நாடு 38 தங்கப் பதக்கங்களோடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பெற்றது.

ஏணி உயர உயர அதைத் தாங்குகிறவர்களின் கவனம் பிசகினால் கீழே நிற்கிற பிள்ளைதான் விழுகிறது. 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுகள் நடந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. தகவல் உரிய காலத்தில் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். ஓர் ஆண்டு போனால் 17 வயதுப் பிரிவில் ஆடவேண்டியவனுக்கு வயது கடந்துவிடும் என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டால் போதும்.

பிற தேசங்களில் இந்தப் பள்ளிப் பந்தயங்கள் எப்படி ஜனங்களின் திருவிழாவாயின என்று பார்ப்பதும் பயனுள்ளதே. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சிறிய பள்ளி, பெரிய பள்ளி என்ற பேதமின்றி அனைவரும் ஒரே கூடைப்பந்துப் பந்தயத்தில் ஆடிய காலத்தில், 161 மாணவர் மட்டுமே படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, 1954-இல் மன்சி நகரத்துப் பெரும்பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்று மாநிலப் பட்டத்தைப் பெற்றதை அந்த மாநிலத்தார் இன்னமும் சொல்லி மாளவில்லை. ஜப்பானில் 1915-இல் தொடங்கிய பள்ளி பேஸ்பால் பந்தயத்தில், தோற்ற அணியின் பையன்கள் கோஷியென் மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவது வழக்கம். நம்மவரிலும் அத்தகைய பற்று இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டம் ‘வடக்கின் போர்’ என்ற பெயரோடு அந்த ஊரையே இரண்டாகப் பிரித்துவிடும். இவை அனைத்துக்கும் ஆதாரமாக இருப்பது ஒன்றே: பிள்ளைகள் பிறந்து வளர்ந்த ஊரில், கால் பதித்து ஓட ஒரு தரை.

வடசென்னையில் அந்தத் தரை எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்குப் பாதி விடை துறைமுகத்தில் இருக்கிறது. 1875-இல் அடிக்கல் நாட்டிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கி, கடலுக்குள் கற்சுவர்களை நீட்டியபோது, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவர்களில் தடைபட்டுத் தெற்கே குவியலாயிற்று. அந்தக் குவியலே இன்று உலகறிந்த மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போகவே, அலை இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலான கரையை ஆண்டுக்காண்டு அரித்துத் தின்றது. கடைசியில் கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. தெற்கே ஒரு பையன் மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கலாம். வடக்கே இறங்கினால் பல இடங்களில் காலில் படுவது கருங்கல். ஒரே சுவர் ஒரு கரைக்கு மைதானத்தைக் கொடுத்து மறு கரையிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

மீதி விடை தொழிற்சாலைகளில். 1940-களிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மோட்டார், ரப்பர், உரம், மின்சாரம் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. எஞ்சிய நிலத்தில் குடியிருப்புகள் நெருங்கின. ஆனால் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் இன்னொரு பக்கமும் உண்டு. துறைமுகமும் ரயில்வேயும் ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சொந்த அணிகளை வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்துச் சென்னைக் கால்பந்து லீக்கில் ஆடின. ஆகவே ‘ஆடினால் சோறு கிடைக்கும்’ என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்துத் தகப்பன்மார்களுக்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை.

இடம் சுருங்கிய ஊரில் எந்த ஆட்டம் வளரும்? கேரம் வளரும். பலகையின் ஆடுதளம் ஒரு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படக்கூடாது. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. சந்துமுனை மன்றத்தில், கூரையிலிருந்து பலகைக்கு அருகே தாழத் தொங்கும் ஒற்றை பல்பின் கீழ், பவுடர் தூவிய பலகையைச் சுற்றி நாலு பேர் ஆட, பத்துப் பேர் மூச்சடக்கி நின்று பார்ப்பதை வண்ணாரப்பேட்டையில் எந்த இரவும் காணலாம். இந்தச் சூழலிலிருந்துதான் வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024 நவம்பரில், 17 வயதில், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் பெற்றார். பள்ளிப் போட்டிகளின் பட்டியலிலோ கேரம் நெடுங்காலம் இல்லை. பின்னாளில் வந்து சேர்ந்தபோது அதற்கும் குத்துச்சண்டைக்கும் சிலம்பத்துக்கும் துறையில் வழங்கிய பெயர் ‘புதிய விளையாட்டுகள்’! தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரைச் சொல்லிச் சண்டை மூட்டிக்கொண்ட இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்பவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

பெருந்தரை வேண்டும் ஆட்டங்களும் இங்கே முற்றிலும் மாளவில்லை. வியாசர்பாடியின் முல்லை நகர் மைதானத்தைச் சுற்றி வளர்ந்த கால்பந்துப் பழக்கம் தனபால் கணேஷைப் போன்ற ஆட்டக்காரரை இந்தியன் சூப்பர் லீக் வரை கொண்டுபோயிற்று. ஒரே ஒரு மைதானம் செய்த காரியம் இது. எண்ணூரில் அப்படி இன்னொன்று இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளட்டும்.

என் அபிப்பிராயத்தில், வடசென்னைப் பள்ளிகள் கால்பந்திலும் தடகளத்திலும் மாநிலப் பட்டத்தை எட்டுவது அரிதாயிருப்பதற்குப் பிள்ளைகளின் திறமைக் குறைவு காரணமன்று. விளையாட்டு விடுதிகளில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெறும் பிள்ளைகளைக் கொண்ட பள்ளியும், காலைப் பிரார்த்தனைக்கே முற்றம் போதாத பள்ளியும் ஒரே ஏணியில், ஒரே நாளில் ஏறும்படி வைத்திருப்பதே காரணம். முதலமைச்சர் கோப்பை 2023-இல் பெரிய அளவில் நடந்து, பல்லாயிரம் பிள்ளைகள் பெயர் கொடுத்தது நல்லதே. ஆனால் பெயர் கொடுக்கக் கைபேசி போதும், ஓடிப் பழக அது போதாது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், அதன் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்கவேண்டுமென்று கூறுகிறது; அதே சட்டம் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஆகையால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள், நம் பிள்ளைகள் ஜோனலுக்கு எந்த இடத்தில் பழகுகிறார்கள் என்று கேளுங்கள், இடமில்லை என்றால், பக்கத்தில் துறைமுகமோ ரயில்வேயோ ஆலையோ வைத்திருக்கும் மைதானத்தை மாலை வேளையில் திறந்துவிடக் கோரித் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.