கண்ணாடிப் பெட்டியும் கண்காட்சி மேசையும்

மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் இறங்கிவரும். இந்தப் பக்கத்துத் திருவிழாக் கடைவீதிகளில் வளையல் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே ஒரு போட்டோக் கொட்டகை நின்ற காலம் உண்டு. உள்ளே துணியில் வரைந்த தாஜ்மகால், அட்டையில் வெட்டிய பிறை நிலா, ஏறி உட்கார ஒரு அட்டைக் கார். புதுசாகக் கல்யாணமான ஜோடி பிறையில் உட்கார்ந்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேமராவைப் பார்க்கும். கல்யாணத்தன்று போட்டோவுக்கு வசதிப்படாதவர்களுக்கு அதுவே கல்யாணப் படம்.

கூட்டம் கூடுகிற இடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது இந்தத் தொழிலுக்குப் பழகிய வேலைதான். ஆனால் கல்யாண ஆர்டர் பிடிக்க அன்றைய போட்டோக்காரர் கடை விரித்ததில்லை. அதை ஸ்டுடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டி பார்த்துக்கொண்டது.

பெட்டிக்குள் பெரிதாக்கிய கல்யாணப் படம் ஒன்று, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை ஒன்று, பட்டமளிப்பு அங்கியில் ஒரு பையன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறவர்கள் கண்ணில் அது தினமும் படும். "அது நம்ம வேடசந்தூர்க்காரர் மக இல்ல?" என்று ஒருவர் நின்றால் போதும். அதே பெட்டியால் வம்பும் வரும். "எங்க வீட்டுப் பொண்ணை யாரைக் கேட்டு ரோட்டுல வச்சீங்க?" என்று ஒரு சித்தப்பா வந்து நிற்பார். அன்றைக்கே அந்தப் படம் இறங்கும். மறுநாள் வேறு வீட்டுப் பெண் ஏறுவாள்.

பெட்டி பார்த்தது பாதி வேலை. மீதியைப் பார்த்தவர்கள் மண்டப மேனேஜரும், சமையல் மாஸ்டரும், மேளக்காரரும், பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்காரரும். ஒருவர் காதில் விழுந்த முகூர்த்தத் தேதி மற்ற மூவருக்கும் போய்விடும். "போட்டோவுக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?" என்று சமையல் மாஸ்டர் பேச்சுவாக்கில் கேட்பார். இரண்டு நாளில் பெண்ணின் அப்பா ஸ்டுடியோப் படியேறுவார். வெற்றிலை பாக்கின் மேல் 101 ரூபாய் அட்வான்ஸ். அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை ரோல் ஆகும்?" மாதிரி ஆல்பம் எதையும் புரட்டிப் பார்க்க மாட்டார். போட்டோக்காரர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். கல்யாணப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ரோல் கணக்கு சாதாரணமானதல்ல. சதுரப் படம் விழும் கேமராவில் 120 ரோல் ஒன்றுக்கு 12 படம். பிறகு வந்த 35 எம்.எம். ரோலில் 36. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமோ, வெளிநாட்டுச் சரக்கோ, எதுவானாலும் எண்ணித்தான் அமுக்க வேண்டும். பந்தியில் ஒரு பெரியவர், "தம்பி, எங்களை ஒண்ணு எடுங்க" என்பார். மறுத்தால் மரியாதை போகும், எடுத்தால் பிலிம் போகும். கேமரா உயரும், பளிச்சென்று பிளாஷ் அடிக்கும், படம் மட்டும் விழாது. ஆல்பம் வந்ததும் பெரியவர் தேடுவார். "ரோல்ல வெளிச்சம் பட்டுருச்சு மாமா" என்பது இந்தத் தொழில் சொன்ன பொய்களில் பழையது.

பொய் சொன்னாலும் பிழைப்பு நடந்தது. காரணம், ஒவ்வொரு கல்யாணமும் அடுத்த கல்யாணத்துக்கான கண்காட்சியாக இருந்தது. ஐந்நூறு பேர் கூடிய மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் போட்டோக்காரர் யார் பார்வையையும் மறைக்காமல் நிற்கிறாரா, கிழவிகளைக் கைபிடித்து மேடையேற்றுகிறாரா என்று அந்த வருஷம் பெண்ணைக் கட்டிக்கொடுக்க இருந்த பத்து அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. சமையல் கேட்டரிங் ஒப்பந்தமாகி, மேடை டெகரேஷன்காரர் கைக்குப் போய், எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகத் தருகிற ஈவென்ட் மேனேஜர் நடுவில் வந்துவிட்டார். போட்டோவை முடிவு செய்கிறவளோ கல்யாணப் பெண். கோவையிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, இன்ஸ்டாகிராமில் நூறு கல்யாணங்களைப் பார்த்துவிட்டு வருகிறாள். "டிரடிஷனலுக்கு நம்ம ஊரு அண்ணன் இருக்கட்டும், கேண்டிடுக்கு வெளியூர் டீம்" என்று வீட்டில் ஒரு சமரசம் நடக்கிறது. உள்ளூர் அண்ணனுக்கு அது வருமானக் குறைவு. அதைவிடப் பெரிதாகக் கௌரவக் குறைவு. சிறுமலைச் சாலையிலும் ஆத்தூர் காமராஜர் அணைக்கரையிலும் அவரும்தான் அவுட்டோர் ஷூட் எடுக்கிறார். அது அந்தப் பெண்ணின் கண்ணுக்கு வந்து சேரவில்லை.

அதனால்தான் கல்யாணக் கண்காட்சி. டெல்லியில் 1999-ல் தொடங்கிய பிரைடல் ஏஷியா பணக்காரக் கல்யாணங்களுக்கானது. அந்த வழக்கம் இறங்கிவந்து, சென்னை, கோவை, மதுரை ஓட்டல் அரங்குகளில் நகை, பட்டு, மேக்கப், மேடை அலங்காரம், போட்டோ எல்லாம் ஒரே கூரையின் கீழ் கடை போடுகின்றன. திண்டுக்கல் 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானாலும், கல்யாணப் பட்டுக்கு மதுரைக்குப் போகிற வழக்கம் நம்மில் பலரை விட்டுப் பிரியவில்லை. நத்தத்துக்காரரும் நிலக்கோட்டைக்காரரும் எப்படியும் அங்கே வருவார்கள். திண்டுக்கல் போட்டோக்காரர் அங்கே ஒரு மேசை போட்டால், தன் ஊர்க்காரர்களையே வெளியூரில் பிடிக்கலாம்.

அந்த மேசை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். பெண் தனியாக வருவதில்லை. கூட அம்மா, அத்தை, கார் ஓட்டிவந்த சித்தப்பா. பெண் டிவியில் ஓடும் டீசரைப் பார்க்கிறாள். சித்தப்பா ரேட் கார்டைத் தேடுகிறார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொள்கிறாள். மலை, மூடுபனி, தூரத்தில் ஜோடி என்று அழகான பக்கங்கள் வேகமாகப் புரள்கின்றன. பிறகு கேள்வி வருகிறது: "இதுல தாய்மாமன் மாலை போடுறது எங்க தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆல்பம் எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை. பத்துக் கல்யாணத்திலிருந்து பொறுக்கிய நல்ல படங்களைவிட, பந்தக்கால் ஊன்றியதிலிருந்து பெண்ணை அனுப்பிவைத்தது வரை ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பம்தான் அங்கே பேசும். மங்கலான மண்டப வெளிச்சத்தில் அம்மாக்களின் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். போனில் பெண் மட்டும் தனியாகப் பார்க்கிற படத்தை இங்கே குடும்பமே சேர்ந்து பார்க்கிறது. செலவு என்று ஒதுக்கிய கனமான ஆல்பம் மறுபடி வேலைக்கு வருவது இந்த மேசையில்தான்.

அந்த ஆல்பத்தில் இருக்கிற குடும்பத்திடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கண்ணாடிப் பெட்டி முன் சண்டை போட்ட சித்தப்பாவுக்குச் சட்டம் தெரிந்திருக்காது, நியாயம் தெரிந்திருந்தது.

கண்காட்சியில் அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறுவது அபூர்வம். இரண்டு நாள் மேசை வாடகையைக் கணக்குப் போட்டு முகம் சுளிக்கிறவர்கள், வந்தவர்களின் போன் நம்பரை மட்டும் வாங்கிவைத்தவர்கள். முகூர்த்தத் தேதி, மண்டபம், வீட்டில் முடிவெடுப்பது யார், அம்மா என்ன கேட்டாள் என்று நாலு வரி எழுதிவைத்தவர், வாரம் முடிவதற்குள் கூப்பிட்டு, "தாய்மாமன் சீர் கேட்டீங்களேம்மா, அந்தப் படங்களை அனுப்பியிருக்கேன்" என்று பேச்சைத் தொடங்குவார். பக்கத்து மேசை மேக்கப் பெண்ணோடும் பழகிக்கொள்வார். அன்றைய மேளக்காரரின் இடத்தில் இன்று இருப்பது அந்தப் பெண்தான். எந்தத் தேதியில் எந்த வீட்டில் கல்யாணம் என்பது முதலில் அவளுக்குத்தான் தெரிகிறது.

எப்போது போவது என்பதற்குப் பஞ்சாங்கமே பதில் சொல்லும். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. கேமரா பையில் தூங்குகிற அந்த மாதங்களில்தான் ஆவணிக்கும் தைக்கும் வீடுகளில் பேச்சு நடக்கிறது.

கடைசியாக அம்மா எழுந்திருக்கும்போது பாதிச் சிரிப்போடு கேட்பாள்: "என் கல்யாணத்துல எங்க பாட்டிக்கு வெறும் பிளாஷ் அடிச்சிட்டாங்க. நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்களே?"

இன்று வெறும் பிளாஷ் அடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் விழுகிறது. அதைப் பொறுக்கி, திருத்தி, ஆல்பமாக்கித் தருவதற்குள் சில வீடுகளில் வளைகாப்பே வந்துவிடுகிறது. படமே விழாமல் ஏமாந்த பாட்டிக்குப் பதில், விழுந்த படம் வந்து சேராமல் காத்திருக்கிறாள் பேத்தி.

விவரம் தெரிந்த போட்டோக்காரர் அந்த அம்மாவுக்கு வாயால் சத்தியம் செய்ய மாட்டார். எத்தனை மணி நேர வேலை, எத்தனை பக்க ஆல்பம், எந்தத் தேதியில் கையில் தருவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டுவார். டீசர் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா அதைப் பார்க்காமல் தாளை நாலாக மடித்து மணிபர்ஸில் வைப்பாள்.